சிப்பிகள் அறியாத குத்தகை

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது நான் கொழும்பில் பத்திரிகைப் பணிமனையில் இருந்தேன். மறுநாட் பதிப்பின் முதற்பக்கத் தலைப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. சூறாவளி வடபகுதியைக் குறுக்கறுத்து மன்னார் வளைகுடாவில் இறங்கும். பின்னர் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் தமிழகக் கரையைக் கடந்து செல்லும் என்பதே அன்றைய எதிர்வுகூறல். நள்ளிரவுக்கு முன்னர் வங்காலையிலுள்ள பெரியப்பாவுடன் தொலைபேசியில் கதைத்தேன். எண்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்த அவர் அன்று பிற்பகலே வள்ளத்தைக் கரையில் உயர இழுத்துக் கட்டுவித்து, இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மூன்று நாட்களுக்குரிய அரிசியையும் தண்ணீரையும் சேர்த்து விட்டிருந்தார்.

"நாளைக்கு இரவோடை போயிடும் எண்டு சொல்லுறாங்கள், பெரியப்பா. மூண்டு நாளைக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"வரும் எண்டதை நீங்கள் சரியாத்தான் சொல்லிப்போட்டியள், மகன். போறதைப் பற்றி அது இன்னும் யோசிக்கேல்லை" என்றார்.

எதிர்வுகூறலின் முற்பாதி அப்படியே நடந்தது. சூறாவளி வளைகுடாவில் இறங்கியது. பிற்பாதி நடக்கவில்லை. அது வலுவிழந்து, இராமநாதபுரக் கரைக்கு அண்மையில் அசையாது நின்று, அங்கேயே தேய்ந்து கரைந்தது. கடக்கும் என்று நாம் தலைப்பிட்ட கரையை அது கடக்கவே இல்லை. எங்கள் கடல் அத்தனை நாட்களும் கொந்தளித்துக் கொண்டிருந்தது. பெரியப்பாவின் அரிசி வீணாகவில்லை.

இதை வானிலை அவதானிகளைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. அவர்கள் அன்று உயிர்களைக் காத்தவர்கள். எங்கள் கரையின் முதியவர்கள் இன்றும் 'அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்' என்று காலங்குறிக்கும் 1964 டிசெம்பர்ச் சூறாவளி, தனுஷ்கோடியையே வரைபடத்திலிருந்து துடைத்து, பாம்பனிலிருந்து புறப்பட்ட புகைவண்டியைப் பயணிகளோடு கடலுக்குள் இழுத்துச் சென்றது. அன்று அந்த வண்டியை நிறுத்தி வைத்திருக்கக்கூடிய எச்சரிக்கை உரிய நேரத்தில் உரிய இடத்தைச் சென்றடையவில்லை. 2020இல் கரையெங்கும் வள்ளங்கள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. இவ்விரு டிசெம்பர்களுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு எதிர்வுகூறல் என்று பெயர். ஆகவே, எதிர்வுகூறலை நம்பலாமா என்பது என் கேள்வியன்று. எதை, எவ்வளவு காலத்திற்கு, எந்த வகையில் நம்புவது என்பதே கேள்வி. இந்தக் கேள்வி இன்று மன்னார் மாவட்டத்தின் தலைக்கு மேலே தொங்கிக் கொண்டிருப்பதனாற்றான் இதனை எழுத நேர்ந்தது.

வங்காலையில் வளரும் பிள்ளை, பாடசாலைக்குச் செல்லுமுன்னரே மூன்று விதமான எதிர்காலங்களைப் பார்த்து விடுகிறது. கடல் வற்றுவதும் பெருகுவதும் முதலாவது. சந்திரனையும் சூரியனையும் அறிந்தவர் அடுத்த ஆண்டு இதே நாளின் நீர்மட்டத்தை இன்றே எழுதி வைக்கலாம். இரண்டாவது அருவியாறு. தம்புள்ளைப் பக்கத்துக் குன்றுகளில் ஊற்றெடுத்து, அநுராதபுரத்தினூடாக மல்வத்து ஓயா என்ற பெயரில் ஓடி, எங்களுக்குத் தெற்கே அரிப்புக்கு அண்மையில் கடலைச் சேர்கிறது. 2025 நவம்பர் இறுதியில் தித்வாச் சூறாவளி நாட்டை உலுக்கியபோது, மேலே பெய்த மழை கீழே எங்கள் தாழ்நிலங்களுக்கு வெள்ளமாக வந்து சேர்ந்தது. மழையை முன்னதாகச் சொல்வது கடினம். ஆனால் பெய்த மழை கீழே வரும் என்பதைச் சொல்வதற்கு மேலே உள்ள அளவுகோல்களைப் பார்த்தாற் போதும். மூன்றாவது, கடலுக்கடியில் இருக்கும் முத்துப்பார். அதனைப் பற்றி எவருமே முன்கூட்டிச் சரியாகச் சொன்னதில்லை. உலகின் சிறந்த மூளைகளில் சில அதற்காக எங்கள் கரைக்கு வந்து போயின என்பது பலருக்குத் தெரியாது.

வங்காலையிலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் அரிப்பில் ஓர் இடிபாடு நிற்கிறது. பிரித்தானிய இலங்கையின் முதலாவது ஆள்பதியான பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த மாளிகை அது. கிரேக்கப் பாணித் தூண்களையுடையதாதலால் 'டொரிக்' என்று அழைக்கப்படுகிறது. சிறுவயதில் அதனைப் பார்க்கச் சென்ற நாட்களிலேயே அதன் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்திருந்தது. ஊரின் பெயருக்கேற்ப அலை கரையை அரித்துக் கொண்டே வருகிறது. கடலைக் காவல் பார்க்கக் கட்டிய வீட்டைக் கடல் தின்பதில் ஒரு பாடம் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

நோர்த் மாளிகை கட்டியதற்குக் காரணம் இருந்தது. 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக நடந்த முத்துக்குளிப்புகள் புதிதாக வந்த ஆட்சியாளருக்குப் பெருந்தொகைப் பணத்தை ஈட்டிக் கொடுத்தன. அதற்கு முன்னர், ஒல்லாந்தரின் கடைசி இருபத்தெட்டு ஆண்டுகளில், 1768 முதல் ஒரு முத்துக்குளிப்பேனும் நடைபெறவில்லை. பின்னர் 1838 முதல் 1854 வரை மீண்டும் பார்கள் வெறுமையாகக் கிடந்தன. 1891இற் பெருவிளைச்சல், அடுத்த ஆண்டிலிருந்து 1902 வரை ஒன்றுமில்லை. கொடுத்தால் அள்ளிக் கொடுக்கும், இல்லையென்றால் ஒரு தலைமுறைக்கே கையை விரித்து விடும். அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்திற்கு இதைவிடத் தொல்லையான வருமானம் வேறு இருக்க முடியாது.

இந்தக் கணிக்க முடியாமையோடு வாழப் பழகியவர்கள் ஓர் எளிய நடைமுறையை வைத்திருந்தனர். நவம்பர் அளவில் கடல் அமைதியான சில நாட்களிற் பார்களுக்குச் சென்று, குளியாட்களை இறக்கிப் பார்ப்பார்கள். சிப்பிகள் இருக்கின்றனவா, எத்தனை வயதின என்று பதிவார்கள். முத்துக்குளிப்புக்கு முன்னர் மீண்டும் சென்று சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைக்கும் முத்துகளை மதிப்பிடுவார்கள். அந்த மாதிரியின் பெறுமதியை வைத்தே குளிப்பு நடத்துவதா இல்லையா என்று தீர்மானிக்கப்படும். பார்த்த பின்னரே அறிவித்தல். அறிவித்தல் அந்தப் பருவத்திற்கு மட்டும். அடுத்த ஆண்டைப் பற்றிய வாக்குறுதி எதுவும் அதில் இராது. சுறாக்களின் வாயைக் கட்டும் கடல்கட்டிகளை நம்பிய காலத்து மக்களை நாம் மூடநம்பிக்கையாளர் என்கிறோம். ஆனால் சிப்பியைப் பொறுத்தவரை அவர்களது நிர்வாகம் கண்ணால் கண்டதற்கு அப்பால் ஓர் அங்குலமும் போகவில்லை.

பத்தாண்டுக் காலம் வெறுமை நீடித்தபோது காலனித்துவ அரசு விஞ்ஞானத்தின் உதவியை நாடியது. 1902 ஜனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழகத்து விலங்கியற் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல் என்பவரை உதவியாளராக அழைத்துக் கொண்டு வந்து சேர்ந்தார். பாராகப் பாராகச் சென்று ஆய்வு செய்தார்கள். ஹேர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்ப, ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். ஆய்வறிக்கை இலண்டன் வேத்தியற் சங்கத்தினால் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிடப்பட்டது. மன்னார் வளைகுடாவின் உயிரினங்களைப் பற்றி அதற்கு முன்னர் அவ்வளவு விரிவான நூல் எழுதப்பட்டதில்லை.

அந்த ஆய்வின் நேர்மையை மெச்ச வேண்டும். பெரியபார் என்ற பாரின் கதையை எடுத்துக்கொள்வோம். கடல் திடீரென ஆழமாகும் விளிம்புக்கு அண்மையில் அது கிடக்கிறது. 1880 தொடக்கம் குறைந்தது பதினொரு தடவை அந்தப் பாரில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் வந்து படிந்திருந்தன. ஒரு தடவையேனும் அவை முத்துக்குளிக்கும் வயதை எட்டவில்லை. ஆண்டு தோறும் நம்பிக்கை, ஆண்டு தோறும் ஏமாற்றம். தென்மேற்குப் பருவக்காற்று கிளப்பும் நீரோட்டமும் மணலும் அவற்றைப் புதைக்கின்றன அல்லது வாரிச் செல்கின்றன என்று ஹேர்ட்மன் விளக்கினார். திருக்கை, கிளாத்தி போன்ற மீன்களும் நட்சத்திர மீன்களும் சிப்பியைத் தின்கின்றன. ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு அதனை அரிக்கிறது. ஒரே இடத்தில் நெருங்கிப் பெருகினால் ஒன்றையொன்று நெரித்து மடிகின்றன என்பதையெல்லாம் கண்டறிந்தார். பெரியபாரின் இளஞ்சிப்பிகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களிற் கொண்டுபோய் இடலாம், சிப்பி ஒட்டிக்கொள்வதற்குக் கற்களைப் பரப்பலாம், நெருக்கத்தைக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்து பலன் தருவதற்குரிய காலம் கழியுமுன்னரே கடல் தானாகவே கையைத் திறந்தது. 1903இல் முத்துக்குளிப்பு நடந்தது, 1904இல் நடந்தது. 1905இல் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. குளியாட்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போக, எஞ்சியதில் அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா கிடைத்தது. 1906இல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பின்போது அங்கே இளம் அதிகாரியாகக் கடமையாற்றியவர் லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகில் அறியப்பட்டவர். ஆளற்ற மணற்கரையில் ஆறு கிழமைக்குள் ஒரு நகரமே எழும். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும், தமிழகக் கரையிலிருந்து பரவரும், உலகின் பல மூலைகளிலிருந்து முத்து வணிகரும் வந்து குழுமுவர்.

தவறு இங்கேதான் நிகழ்ந்தது. ஆய்வறிக்கையையும் அடுத்தடுத்த நல்ல ஆண்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களுக்கு, கடலின் புதிர் அவிழ்ந்து விட்டதாகத் தோன்றியது. காரணங்கள் தெரிந்து விட்டன. இனி விளைச்சலை நிர்வகிக்கலாம். 1906இல் இலண்டனில் மூலதனம் திரட்டிய இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற நிறுவனம் பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 310,000 ரூபா. பார் விளைந்தாலும் விளையாவிட்டாலும் செலுத்த வேண்டிய தொகை அது. 1907இல் ஒரு குளிப்பு நடந்தது. அதன் பின்னர் பார்கள் வெறுமையாகின. சில ஆண்டுகளிற் கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த முத்துக்குளிப்பு 1925இலேதான் நடந்தது. குத்தகை நிலைத்திருந்தால் அது முடிவடைவதற்கு ஓர் ஆண்டே எஞ்சியிருந்திருக்கும்.

முத்து உருவாவதற்குக் காரணம் நாடாப்புழுவின் முட்டைப்புழு என்று அறிக்கை முன்வைத்த கோட்பாட்டையும் 1912இல் லிஸ்டர் ஜேம்சன் என்ற ஆய்வாளர் ஆதாரங்களோடு கேள்விக்குள்ளாக்கினார். பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனால் கம்பனி வீழ்ந்ததற்கு அந்தப் பிழை காரணமன்று. ஹேர்ட்மனும் ஹோர்னெலும் கூறிய மணலும் நீரோட்டமும் திருக்கையும் உண்மையானவை. ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சரியாக அறிந்திருப்பது ஒன்று. அவை அனைத்தும் சேர்ந்து அடுத்த ஐந்தாண்டில் என்ன செய்யும் என்பதை அறிந்திருப்பது வேறொன்று. சிப்பி பெருகினால் திருக்கை வரும். திருக்கை வந்தால் சிப்பி குறையும். நீரோட்டம் ஓர் ஆண்டு சற்றே திசை மாறினால் மிதந்து வரும் குஞ்சுகள் பாறையில் விழாமல் மணலில் விழும். எட்டுக் கோடிச் சிப்பியை அள்ளிய மனிதனும் அந்தக் கணக்கில் ஓர் எண்ணாகி விடுகிறான். ஒன்றின் விளைவு மற்றொன்றின் காரணமாகி, அது திரும்பி வந்து முதலாவதையே மாற்றும் இத்தகைய அமைப்புகளைத்தான் இக்காலத்து அறிஞர் சிக்கலமைப்புகள் என்கின்றனர்.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவிலும் இதே பாடம் வேறு வடிவிற் படிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. இமயத்தின் பனியளவை வைத்துப் பருவமழையைக் கணிக்கும் முயற்சி 1880களில் தொடங்கியிருந்தது. 1899இல் நல்ல மழை பெய்யும் என்ற எதிர்வுகூறலுக்கு மாறாகக் கொடிய வரட்சி வந்து பஞ்சம் சூழ்ந்தது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் பொறுப்பை ஏற்ற கணித மேதை கில்பேர்ட் வோக்கர், உலகெங்கிலுமுள்ள நிலையங்களின் தரவுகளைத் திரட்டி இருபது ஆண்டுகள் ஆராய்ந்தார். பசிபிக் கடலின் காற்றழுத்தத்திற்கும் இந்துக் கடற்பகுதியின் காற்றழுத்தத்திற்கும் இடையிலுள்ள ஊசலாட்டத்தை அவர் கண்டுபிடித்தார். இன்று எல் நினோ என்று நாம் பேசுவதன் பெரும்பகுதி அதிலிருந்து வளர்ந்ததே. ஆயினும் அவர் தேடிச் சென்ற பருவமழைச் சூத்திரம் அவர் எதிர்பார்த்த வடிவில் கைகூடவில்லை. சில பத்தாண்டுகள் நன்றாகப் பொருந்திய தொடர்புகள் பின்னர் பொருந்தாமற் போயின.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு விடை 1961இற் கிடைத்தது. அமெரிக்க வானிலை அறிஞர் எட்வேர்ட் லோரன்ஸ், கணினியில் ஓட்டிய வானிலைக் கணக்கொன்றை மறுபடியும் பார்க்க விரும்பி, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று இட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய வேறுபாடு. சிறிது தூரம் இரு கணக்குகளும் ஒன்றாகச் சென்றன. பின்னர் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு வானிலைகளாகப் பிரிந்தன. அவரது கணக்கில் தற்செயல் எதுவும் இருக்கவில்லை. விதிகள் முழுமையாகத் தெரிந்திருந்தன. தொடக்க நிலையை அளப்பதில் உள்ள நுண்ணிய குறை மட்டுமே வளர்ந்து வளர்ந்து அனைத்தையும் விழுங்கியது. இதனாற்றான் சூறாவளியைச் சில நாட்களுக்கு முன்னர் சொல்ல முடிகிறது. ஒரு மாதத்திற்கு முன்னர் சொல்ல முடிவதில்லை. நம்முடைய அறிவுக்குக் காலாவதித் திகதி உண்டு. புதிய அவதானிப்பினால் மட்டுமே அதனைப் புதுப்பிக்கலாம்.

கடலையும் காற்றையும் பற்றி இவ்வளவு பேசிவிட்டு என் தொழிலைப் பற்றிப் பேசாதிருப்பது நியாயமாகாது. பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைக்கு வந்த எனக்கு, எதிர்வுகூறுவதற்கு எந்தச் சூத்திரமும் தேவைப்பட்டதில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது நீண்டதொரு கட்டுரை எழுதினேன். இந்த வீதி இனி ஒருபோதும் மூடப்படாது என்பது அதன் சாரம். நான் அடுக்கிய காரணங்கள் அனைத்தும் சரியானவை: இரு தரப்பும் களைத்திருந்தன, வெளியுலகம் பணத்தோடும் அக்கறையோடும் வந்திருந்தது, மக்கள் சமாதானத்தின் சுவையை அறிந்து விட்டார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது.

தமிழகத்து முகாமொன்றிலிருந்து திரும்பி வந்து, வங்காலையில் வீட்டைத் திருத்தி, கடன்பட்டு வள்ளம் வாங்கிய உறவினர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். அவரது மனைவி அந்தக் கட்டுரையின் நறுக்கை வீட்டில் வைத்திருந்தார். 2006இல் அவர்கள் குடும்பத்தோடு மறுபடியும் படகேறினார்கள். புறப்படுவதற்கு முன்னர் அந்த அக்கா என்னிடம், "நீ எழுதினது பிழை எண்டு நான் சொல்லேல்லை, தம்பி. ஆனா நாங்கள் அதை நம்பி வீட்டுக்குக் கூரை போட்டனாங்கள்" என்று மட்டும் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வாக்கியத்திற்கு என்னிடம் இன்னமும் விடையில்லை.

நான் பிழைவிட்டது காரணங்களிலன்று. 'ஒருபோதும்' என்ற சொல்லில். கம்பனி பிழைவிட்டதும் 'இருபது ஆண்டுகள்' என்ற சொல்லில்தான். இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிப்பிகள் குத்தகையை அறியமாட்டா. கம்பனி என்ன எதிர்பார்க்கிறது என்பதற்காக அவை தம் போக்கை மாற்றுவதில்லை. மனிதர் செய்தியை வாசிக்கிறார்கள். எரிபொருள் தீரப் போகிறது என்று 2022இல் நாம் எழுதியபோது வரிசைகள் இரட்டித்தன. தீராதது விரைந்து தீர்ந்தது. மனித சமூகத்தைப் பற்றி எதிர்வுகூறுபவன், தான் கணிக்கும் பொருளுக்குள்ளேயே நின்று கொண்டு கணிக்கிறான். ஆதலால் அவன் இரட்டிப்புக் கவனத்தோடு பேச வேண்டும்.

இனி இன்றைய கதைக்கு வருவோம். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. இதற்கு மேல் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற்றுத் திட்டமொன்றை முன்னெடுத்த இந்திய நிறுவனமான அதானி கிறீன் எனர்ஜி, 2025 பெப்ரவரியில் அதிலிருந்து விலகிக்கொண்டது. அந்த மின்சாரத்தை வாங்குவதற்கு 2024இல் அமைச்சரவை அங்கீகரித்த ஒப்பந்தக் காலமும் இருபது ஆண்டுகளே. எண்ணின் ஒற்றுமை தற்செயலானது; ஆயினும் எங்கள் கரையில் அந்த எண்ணைக் கேட்டால் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. வேறு சிறிய காற்றாலைத் திட்டங்களையும் இல்மனைற்று மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள்.

ஒரு தரப்பினர், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் காட்டிப் பாதிப்பு இராது என்கின்றனர். மறுதரப்பினர், தீவே அழியும், மீனே இராது என்கின்றனர். எனக்கு இரு குரல்களிலும் 2002ஆம் ஆண்டில் நான் எழுதிய கட்டுரையின் தொனி கேட்கிறது. மன்னார், மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழித்தடத்தில் உள்ளது. எங்கள் ஊரை அடுத்துள்ள வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் ரம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள அந்த ஈரநிலத்திற்குப் பூநாரையும் ஊசிவால் வாத்தும் எந்த ஆண்டில் எத்தனை வரும் என்பதை, சைபீரியாவின் கோடை, வழியிலுள்ள ஏரிகளின் நீர், இங்கே பெய்யும் மாரி, சேற்றிலுள்ள புழுப்பூச்சி எனப் பலவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மட்டமான தீவிலே ஒரு வீதியைச் சற்று உயர்த்திப் போட்டால் மழைநீர் எந்தப் பக்கம் தேங்கும் என்பதைக்கூட இரண்டு மாரிகள் கண்ட பின்னரே உறுதியாகச் சொல்லலாம். ஒரு பருவத்திற் பறவைகளை எண்ணி, இருபது ஆண்டுக்குத் தீர்ப்பெழுதுவது, 1905ஆம் ஆண்டின் சிப்பிகளை எண்ணிக் குத்தகை எழுதியதற்கு ஒப்பானது.

அப்படியானால் ஒன்றுமே செய்யாதிருப்பதா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. ஒன்றும் செய்யாதிருப்பதும் ஓர் எதிர்வுகூறலின் மேல் எடுக்கும் முடிவே. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். காற்று எங்களிடம் இருக்கிறது. 2022இல் இருளிலும் வரிசையிலும் இருந்தவர்கள் அதனை மறுக்க முடியாது. நான் கேட்பது நவம்பரிற் சென்று பார்க்கும் பழைய முத்துப்பார் வழக்கத்தைத்தான். திட்டத்தைச் சிறு பகுதிகளாகத் தொடங்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் திட்டக்காரரின் சம்பளம் பெறாதவர்கள் பறவையையும் மீனையும் தேங்கிய நீரையும் அளந்து, அந்த மக்களுக்கு விளங்கும் தமிழில் வெளியிட வேண்டும். இன்ன அளவுக்கு மேற் பாதிப்புக் காணப்பட்டால் இன்ன காற்றாலை இன்ன மாதங்களில் நிறுத்தப்படும் என்பது தொடங்குவதற்கு முன்னரே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். எதிர்வுகூறல் பிழைத்தால் அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதும் அங்கே எழுதப்பட வேண்டும். முத்துக் கம்பனி வீழ்ந்தபோது இழந்தது இலண்டன் பங்குதாரரின் பணம். இங்கே பிழைத்தால் இழப்பவர் தாழ்வான வளவில் குடியிருப்பவரும் வலை வைத்திருப்பவரும்.

இதற்குச் செலவாகும், முதலீட்டாளர் முகம் சுளிப்பர், வங்கிகள் நிச்சயத்தை விரும்பும். இவையெல்லாம் உண்மை. ஆனால் நிச்சயம் இல்லாத இடத்தில் அதனைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதனால் அது உண்டாகி விடாது. 310,000 ரூபா என்பதும் மிக நிச்சயமான ஓர் எண்ணாகத்தான் இருந்தது.

கடந்த மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை, பேரன் போகிறான். அவனது கைபேசியில் காற்றின் வேகமும் அலையின் உயரமும் மணிக்கணக்கில் வருகின்றன. அதனைப் பார்த்துவிட்டு, "பத்து மணி வரைக்கும் பயமில்லை, அப்பப்பா" என்றான். கிழவர் அந்தத் திரையை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். நல்ல சாமான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பின்னர், "எண்ணெய் எவ்வளவு அடிச்சனி?" என்று கேட்டார். போவதற்கும் வருவதற்கும் காணும் என்றான் பேரன்.

"வரேக்குள்ளை காத்து எதிராய் நிண்டால்?" என்றார் பெரியப்பா.

அவன் ஒன்றும் பேசாமல் வாடிக்குள் சென்று இன்னொரு கலனைத் தூக்கி வந்தான்.